மடி மாறிய பை

நேற்று கோலாலம்பூர் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. எதிரே ஒரு கல்லூரிப் பெண் கனமான பையோடு நின்றிருந்தாள். என்னையறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அவள் மிரண்டுபோய்ப் பையை மார்போடு கட்டிக்கொண்டு பின்வாங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரியலூர் பஸ் நிலையத்தில், ஸீட்டில் உட்கார்ந்தபடி நீ முதல் முறை என் பைக்குக் கை நீட்டியபோது நானும் அப்படித்தான் நின்றேன்.

நம் கல்லூரிக்கு இரண்டு வளாகங்கள். விடுதியும் வகுப்புகளும் அரியலூர்ப் பக்கம், ஆய்வுக்கூடங்கள் பெரம்பலூர்ப் பக்கம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்த எனக்கு, கடல் தாண்டி வந்ததைவிட அந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்த பஸ்தான் வெளிநாடாக இருந்தது. நானும் தமிழ்ப் பெண், இங்கே என்ன புரியாமல் போய்விடும் என்று தைரியமாக வந்தவள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் ஸீட் எப்படிச் சொந்தமாகிறது? அதை ஏன் யாரும் எடுத்து வீசுவதில்லை? ஓயாமல் கேட்பேன். நீ ஜெயங்கொண்டத்துக்காரி, வாய்க்குக் கேட்பானேன். "எங்க ஊருல வெளையறதெல்லாம் ஒண்ணுமில்ல. நீதான்டி பெரிய முந்திரிக்கொட்ட" என்பாய்.

வெளிநாட்டு மாணவர்கள் பெரம்பலூர் போலீஸ் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். நாம் போன அன்றுதான் எனக்குக் கடைசி நாள், அதுவும் மதியத்துக்குள். தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று கல்லூரி ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு நீ வந்தாய். பாஸ்போர்ட் என் பையில் இருந்தது. அதை உடம்பைவிட்டு இறக்காதே என்று அம்மா சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. நான் இரண்டு கைகளாலும் பையைக் கட்டிக்கொண்டிருந்ததால், டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் யார் மேலாவது விழுந்தேன். "பையக் குடுத்துட்டுக் கம்பியப் புடிம்மா! ஊரையே இடிச்சித் தள்ளிருவ போலருக்கே" என்று கத்தினார் கண்டக்டர். நீ பையைப் பிடுங்கி, உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் வைத்துவிட்டாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ள போ, உள்ள போ" என்ற நெரிசலில் நாம் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

குன்னத்தில் அந்த அம்மா இறங்கினார், வெறும் கையோடு.

"என் பை!" என்று அலறினேன். விசில் பறந்தது, பஸ் நின்றது. ரோட்டில் நின்ற அந்த அம்மா ஜன்னல் பக்கம் வந்து, "எதுக்கு இந்தச் சத்தம்? எறங்குனா ஒக்கார்றவங்ககிட்டதான குடுத்துட்டு எறங்குவோம்? அந்தா இருக்கு பாரு" என்றார். அவருடைய இடத்தில் வேறொரு பெண் இருந்தார். மடியில் அவருடைய காய்கறிக் கூடை, அதன்மேல் என் பை. அது யாருடையது என்று அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

நான் அங்கேயே பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கூடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "இது என்னா, ரேஷன் கார்டா? குடு பாப்பம்" என்று வாங்கினார். அவ்வளவுதான், அது கை மாறிக் கை மாறி முன்னால் போக ஆரம்பித்தது. "மலேசியாவா! நேருல பாக்கறதுக்குத் தேவல. போட்டோல மொறைக்குதே புள்ள" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என் படிப்பு விசா முத்திரையிட்ட அந்தப் பக்கங்களில் எங்கோ முன் ஸீட்டில் இருந்தது. நான் அழாத குறை. நீ மட்டும் கம்பியில் தொங்கியபடி, "வந்துரும்டி" என்றாய். வந்தது, அட்டையில் ஒரு மஞ்சள் விரல் தடத்தோடு. மதியத்துக்குள் பதிந்தும்விட்டோம்.

அதன்பிறகு எனக்கு மற்றவர்கள் பைகள் மேல் ஒரே ஆர்வம். மடி கிடைக்கும் நாளெல்லாம் வலியக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். டிபன் பாக்ஸ், நீ மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டை, ஒருமுறை கால் கட்டிய கோழி. இதையெல்லாம் இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "சொல்லிக்குடுக்க என்னா இருக்கு? நிக்கறவளுக்குக் கை வேணும்ல" என்றாய். இதைவிட நல்ல பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

போன வருஷம் நீ இறந்த செய்தி வந்தபோது உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். விடுமுறைகளில் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவர். என்ன பேசுவதென்று தெரியாமல் அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். மாடு கன்று போட்டது, முந்திரி பூத்தது, முட்டிவலிக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தி, "ஞாயித்துக்கெழமன்னா இதெல்லாம் அவகிட்டதாம்மா சொல்லுவேன்" என்றார். நான், "சொல்லுங்கம்மா" என்றேன். அதிலிருந்து ஒரு வாரமும் தவறியதில்லை.

நீ பாதி வழியில் இறங்கிவிட்டாய். உன் மடியில் இருந்தது என்னிடம்தான் இருக்கிறது, கவலைப்படாதே. இன்று ஞாயிற்றுக்கிழமை. போன் அடிக்கிறது, எடுக்கப் போகிறேன்.