தாமல் ஏரியில் போன கோடி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

தாமல் ஏரி இன்று மாலை நான்கரை மணிக்குக் கோடி போனது. ஆதாரம்: என் நனைந்த செருப்பு.

மூன்று மணிக்கே எங்கள் பத்திரிகையின் சென்னை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியை போன் செய்தாள். "சார், சீக்கிரம், மத்தவங்க போட்டுடுவாங்க. என்ன நியூஸ்?"

"தாமல் ஏரி கோடி போகுதுன்னு சொல்றாங்கம்மா. நேர்ல பார்த்துட்டு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் தாமலில் இறங்குவதற்குள் எங்கள் செயலியில் செய்தி வந்துவிட்டது: 'தாமல் ஏரியில் கோடி மாயம்! நமது நிருபர்.' ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் வழியே வழிவதைத்தான் இங்கே கோடி போகிறது என்கிறோம். அது அவளுக்குத் தெரியாது. கேட்க நேரமும் இல்லை.

கரையில் பூசை போட வந்திருந்த ஏரிப் பாசன சங்கத் தலைவர் ஏகாம்பரம், கற்பூரத் தட்டோடு என்னை மடக்கினார். "இன்னா சார் இது? ஊரே என்னைத் திருடன் மாதிரி பார்த்துக்கினு இருக்குது. எம் பொண்டாட்டி வேற, அந்தக் கோடிய எவ வூட்ல வச்சிருக்கன்னு கேக்கறா!"

செய்தியை நீக்கச் சொல்லி உடனே போன் செய்தேன்.

"சார், நியூஸ் செம்மையா போகுது!" என்றாள்.

"ஏரியும் அப்படித்தாம்மா போகுது."

திருத்தம் போடுவது பற்றி நாளைப் பதினோரு மணிக் கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாதாம். அதுவரை ஏகாம்பரம் தன் அக்கா வீட்டில் இருக்கிறார்.