அம்மாவின் அம்மா பெயர்

யாதவகிரி, மைசூரு

சௌபாக்கியவதி மஹதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். பேரன் கௌஸ்துப் பால் குடிக்கிறானா? நீ தூங்குகிறாயா?

போன் இருக்கக் கூரியரில் கடிதமா என்று சிரிப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆலோசகர் அம்மாளே உட்கார்ந்திருக்கலாம்.

அவள் நவஹோ என்கிற அமெரிக்கப் பூர்வகுடி இனம், குடும்பங்களுக்கு மனசு வைத்தியம் பார்க்கிறவள் என்கிறாய். இருக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்கு அழுகை நிற்கவில்லை என்றால் மருந்து கொடுக்க வேண்டியதுதானே? என் அம்மா பெயர் அவளுக்கு எதற்கு? அவர்கள் வழக்கத்தில் தாயின் குலத்தைச் சொல்லித்தான் அறிமுகமே ஆரம்பிக்குமாம், உன்னையும் கேட்டாளாம், உனக்குப் பாட்டி பெயர்கூடத் தெரியவில்லையாம். எப்படித் தெரியும்? உன் அப்பா கோத்திரம், பிரவரம் எல்லாம் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். அதில் ஒரு பெண் பெயர் உண்டா?

குடும்பமே உட்கார்ந்து பேசினால்தான் தலைமுறைக் காயம் ஆறும், நானும் வீடியோவில் வர வேண்டும் என்றாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எதிர்வீட்டு உமாதேவியிடம் ஜாடையாகக் கேட்டேன். அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று எழுதிவிட்டால் அந்த ஊரில் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை நீ மட்டும் படி. என் அம்மா பிரசவத்தில் போகவில்லை. வீட்டில் அப்படிச் சொல்லி வைத்தார்கள். எனக்குக் கழுத்து நிற்காத வயதில் அவளுக்கும் உன்னைப்போலவே அழுகை நிற்கவில்லையாம். காரில் ஒருவர் வந்து, ஊட்ட ஆய்த்தாம்மா, சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் அன்பாகத்தான் ஆரம்பித்தாராம். அம்மாவும் நம்பி உள்ளதையெல்லாம் சொன்னாளாம். என்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கென்று காரில் ஏற்றிவிட்டார்கள். திரும்ப அழைத்துவர யாருமே போகவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த ஆலோசகரின் பாட்டியையும் சின்ன வயதில் சர்க்கார் ஆட்கள் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய், முடியை வெட்டி, சொந்த பாஷை பேசியதற்கு அடித்தார்கள் என்றாய். திரும்பி வந்தவருக்குப் பெற்ற பிள்ளையை அணைக்கத் தெரியவில்லையாம். வாயைக் கிளறுகிற தந்திரம் என்றுதான் நினைத்தேன். வைத்தியம் பார்க்க வந்தவள் தன் வீட்டுக் கதையைச் சொல்வாளா? ஆனாலும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை யாரும் தூக்கிக் கொஞ்சியதில்லை, மஹதி. நான் உன்னை எப்படி வளர்த்தேன் என்று உனக்கே தெரியும்.

நம்பிக்கை இன்னும் வரவில்லை. ஆனாலும் வீடியோவில் வருகிறேன். குழந்தையை எடுத்துக்கொண்டு போவீர்களா என்ற முதல் கேள்வி என்னுடையது, அவர் பதில் சொல்லட்டும். என் அம்மா பெயர் ஜயம்மா. அதை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

நீயும் குழந்தையும் ஒரே வீட்டில் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் பேசி முடிக்கும்வரை குழந்தை உன் மடியிலேயே, என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் கொடுத்துவிடாதே.

உன் அம்மா,
மீனாக்ஷி