குனியாமல் பூப் பார்த்தவருக்கு

உம்முடைய பூப்புத்தகத்தைத் திறந்தால் இன்றைக்கும் தைல வாசம் வருகிறது. நீர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து கிளம்பும்போது உம்முடைய மனைவி அதை என் கையில் தந்தார். "அவர் உங்களோடைதானே நடக்கப் போய் வாறவர். வைச்சிருங்கோ அண்ணை."

இப்போது எனக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். எழுபத்துமூன்று வயதில் நூலகத்து வகுப்புக்குப் போய்ப் படித்தேன். ஒரு வரி எழுதி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்! உம்மைத் திட்ட எனக்கு எழுத்து வந்துவிட்டது.

நீர் பெரிய படிப்பாளி; ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர். இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், மின்கோபுரங்களின் கீழுள்ள புல்வெளியில் கைத்தடியை நீட்டி நீட்டி ஒவ்வொரு பூவுக்கும் பெயர் சொல்வீர். ஒருநாளும் குனிந்ததில்லை. காற்சட்டை மடிப்புக் குலைந்துவிடுமே!

ஒரு கோடையில் அங்கே வெள்ளைச் சரளை மேட்டில் ஊதாப் பூவொன்றைக் கண்டேன். மண்ணை நகத்தால் கீறினேன். சுண்ணாம்பு. ஊரில் கல்லுத்தரையில் வெங்காயம் வைத்தவனுக்குத் தெரியாதா?

"இது வேறை சாதி," என்றேன்.

"உது படர் மணிப்பூ. எல்லா வளவுக்குள்ளையும் கிடக்கிற களை."

"அது ஒருபக்கமாய்த் தொங்கும். இது வெங்காயப் பூப்போலை உச்சியிலை திரண்டு நிக்குது. தடவிப் பாரும், பூவுக்குக் காம்பே இல்லை."

நீர் தடவவில்லை. கூட நடந்த நாலு பேரையும் திரும்பிப் பார்த்தீர். "கையெழுத்து வைக்கத் தெரியாத மனிசன் பூவுக்குச் சாதி பிரிக்கிறார், கேட்டியளோ!"

எல்லோரும் சிரித்தார்கள். புத்தகம் உம் கக்கத்தில்தான் இருந்தது. படம் பார்க்க அதைத் தாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புத்தகம் கைக்கு வந்த அன்றே அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். என் பூவேதான். பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தீர். என்னிடம் சொல்லாத மன்னிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு யாரையும் வாசிக்கவிட மனம் வரவில்லை. அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தேன்.

"கொத்து மணிப்பூ. சுண்ணாம்பு மண். காம்பில்லை. வெங்காயப் பூவைப் போன்றது. கண்டுபிடித்தது நான்."

வெங்காயப் பூவாம்! கறிச்சட்டிக்கு வெளியே வெங்காயத்தை நீர் எங்கே கண்டீர்? ஆனால் மண் சுண்ணாம்பு என்று நான் வாய்விட்டுச் சொல்லவேயில்லை; நான் இல்லாத நேரம் பார்த்துத் தனியே போய்க் குனிந்திருக்கிறீர். காற்சட்டை முழங்காலில் மண் பட்டிருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு கோடை என்னோடு நடந்தீர், வாய் திறக்கவில்லை. களவெடுத்தது கூடப் பரவாயில்லை. இவனால் இதை ஒருநாளும் வாசிக்க முடியாது என்று நம்பினீரே, அது எவ்வளவு கேவலம்!

நான் அதை அழிக்கவில்லை. களவுக்குச் சாட்சி வேண்டும். கீழே பேனையால் "பொய்" என்று எழுதி, என் கையெழுத்தை வைத்தேன். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். ஆனால் நல்ல பெரிதாக விழுந்திருக்கிறது.

இன்று காலையும் அந்த மேட்டுக்குப் போனேன். பூ நிற்கிறது. உம்முடைய புத்தகத்தை இப்போது நான்தான் கக்கத்தில் கொண்டு திரிகிறேன். பூவுக்குக் கிட்டப் போனதும் அதைப் புல்லில் வைத்துவிடுவேன். குனிந்து பார்க்க இரண்டு கையும் வேண்டும்.