கை மேலே போகுது, மாப்ளே!

என் உயிருக்கு உயிரான சேது மாப்ளே,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் நம் லேக் கார்டன்ஸ் சந்துப் போட்டியில், பெஹாலாவிலிருந்து வந்த அலட்டல் ஜோடியை நானும் உன் பெண்டாட்டியும் பேட்மிண்டனில் மண்ணைக் கவ்வ வைத்தோம். ஆமாம்டா, என் தங்கை வசந்தியேதான். உன் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு நீ நிற்கிற பக்கத்தில் நின்றாள்.

நீ போன அன்று நடந்தது உனக்குத் தெரியாது. லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து உன்னை இறக்கினோம். கீழ்ப்படியில் பிடிக்கிறவன் கையைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் பாடை சாயாமல் வரும். தெருவிலிருந்த வங்காளிப் பையன்கள் "காகு, ஆமாகே தின்" என்று என்னிடமிருந்து பாடையை வாங்கி மாற்றிக்கொள்ள வந்தார்கள். நான் விடுவேனா? சாகும்போதாவது நீ கொஞ்சம் இளைத்திருக்கக் கூடாதா, தடியா!

படி திரும்புகிற இடத்தில் வலது தோளுக்குள் என்னவோ பிய்ந்தது. தசையை எலும்போடு பிடித்திருக்கும் நார் பாதி கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம், ஒழுங்காகப் பயிற்சி செய்தால் போதும் என்றார். எனக்கு அப்போது எதைச் செய்யவும் மனசே இல்லை.

வசந்தியும் வாசலைத் தாண்டவில்லை. ஒருநாள் நான் இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"அவரத் தூக்கித்தான் உன் கை போச்சுன்னு ஊரே சொல்லுது. எனக்குச் சோறு எறங்குமாண்ணே? போனவரு மேல இந்தப் பழியும் வேணுமா? எந்திரி, கெளம்பு!"

நீ போனபின் அவள் முதன்முதலாக வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான். ஆட்டோ பிடித்து என்னை பவானிபூர் பிசியோதெரபிப் பெண்ணிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

அந்தப் பெண் ஆரம்பத்தில் கையை அசைக்கவே விடவில்லை. சுவரை முஷ்டியால் சும்மா அழுத்தச் சொன்னாள். பிறகுதான் ரப்பர் பட்டை. அதை ஜன்னல் கம்பியில் கட்டி, கக்கத்தில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கை விலகாமல் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். இழுப்பது எளிது. திரும்ப விடும்போது மெதுவாக விட வேண்டும், அதில்தான் நார் பலப்படுகிறதாம். நான் எதில்டா மெதுவாக இருந்திருக்கிறேன்? "ஆஸ்தே காகு, ஆஸ்தே!" என்று அவள் அதட்டுவாள். வீட்டுக்கு வந்தால் வசந்தியும் அதே பாட்டு.

ஒரு தடவை அவசரப்பட்டு கெட்டியான பட்டையைக் கட்டி இழுத்தேன். மறுநாள் சட்டை மாட்ட முடியவில்லை. வசந்தி திட்டவில்லை, மூலையில் போய் அழுதாள். அதற்குப் பிறகு நான் வாலைச் சுருட்டிக்கொண்டேன். லேசான பட்டை, சின்னத் தண்ணீர் பாட்டில், நடுவில் ஓய்வு. மழைக்காலம் போய், துர்கா பூஜை போய், குளிர் வந்தபோது கை காதைத் தொட்டது. பிசியோ பெண் ஆடலாம் என்றாள். உன் ராக்கெட்டின் தூசியை வசந்தியே தட்டினாள்.

நேற்று கடைசிப் பாயிண்டு வரை நான் பயந்து கீழிருந்தே தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஷட்டில் உயரமாக வந்தது. "அடிண்ணே!" என்று கத்தினாள் வசந்தி. அடித்தேன், மாப்ளே! தலைக்கு மேல், முழுக் கையையும் வீசி அடித்தேன். வலிக்கவே இல்லை. பெஹாலாக்காரன் ராக்கெட்டைத் தூக்கக்கூட இல்லை.

சந்தே அலறியது. வசந்தி ஓடிவந்து என் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கி, "தேகோ, ஆமார் தாதார் ஹாத்!" என்று, தன் அண்ணன் கையைப் பாருங்கள் எனச் சந்துக்கே சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பார்த்தாயாடா அவள் சிரித்ததை? எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! பிறகு என் காதோடு சொன்னாள்: "இனி யாரும் அவர ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமே இல்லை, நடுக்கோர்ட்டில் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஜெயித்தாலும் தோற்றாலும் அவளை இனி வீட்டுக்குள் முடங்க விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
ராசு