லொறியில போன பாட்டு

பார்க்டேல், கனடா
ஐப்பசி, 1996

அன்புள்ள ரதிக்கு,

நான் சுகம். வவுனியாவில நீரும் பிள்ளை நிலாணியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுறன்.

நான் வேலை செய்யிற இசைத்தட்டுக் கொம்பனியை வித்துப்போட்டினம். முதலாளி வால்டர் அந்தக் காலத்தில தன்ர வீட்டு நிலக்கீழ் அறையில தொடங்கினது. பெரிய கொம்பனிகள் சேர்க்காத புளூஸ் எண்ட சோகப்பாட்டு, நாட்டுப்பாட்டு பாடுற ஆக்களைத் தேடித்தேடிப் பதிஞ்சவர். வாங்கின ஆக்களுக்கு விலைபோற நாலைஞ்சு பாட்டுக்காரரின்ர ஒலிநாடா மட்டும் போதுமாம். மிச்சத்தைக் குப்பை லொறியில ஏத்திவிட்டம்.

பின்னேரம் ஏட்னா எண்ட வயசான பாட்டுக்காரி வந்தா.

"வெளிவராத பாட்டொண்டு இஞ்ச கிடக்கு. செத்துப்போன என்ர மனுசன் கிற்றார் வாசிச்சது. அதைத் தாங்கோ" எண்டா.

வால்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ள போயிட்டார்.

"லொறி போயிட்டுது அம்மா" எண்டன்.

"திரும்பி வரும்தானே?" எண்டு கேட்டுட்டு வெறும் பெட்டியொண்டில இருந்திட்டா. வராதெண்டு எத்தினை தரம் சொல்லியும் எழும்பேல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நானும் பக்கத்தில இருந்தன்.

நீர் யோசியாதையும், வேறை வேலை கிடைக்கும். நிலாணி கதைக்கிறதைக் கசெற்றில பிடிச்சு, கனடாவுக்கு வாற ஆரிட்டையாவது குடுத்துவிடும். ரண்டு கசெற்றில பிடியும். ஒண்டு உம்மிட்டை இருக்கட்டும்.

தபால்காரன் வாற நேரம், நிப்பாட்டுறன்.

உம்முடைய
தவநேசன்