ஹம்சாவின் சம்மதம்

ஹரிஸ் பார்க், சிட்னி
ஜூன் 14

அன்பு மகள் ஹம்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா மயூராவும் மாப்பிள்ளை பிரதீப்குமாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சின்னக்குட்டிகள் இரண்டு பேரும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் கேட்டால் "நல்லா இருக்கறனுங்கப்பா" என்பாய், அந்தப் பதிலை இனிமேல் எப்படி நம்புவது என்று தெரியவில்லை. நாலு நாளாக நீ என் ஃபோனை எடுக்கவில்லை. எடுத்தாலும் என் குரல் ஏறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அழு, நடுவில் நிறுத்தாதே.

செவ்வாய்க்கிழமை பரமட்டாவில் வக்கீல் வினுஷா எங்களை வரச் சொல்லியிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை. ஏப்ரலில் நான் வந்த முதல் வாரமே அவள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள், "அங்கிள், இஞ்ச ஆக்கள் தங்களுக்குள்ள கதைச்சு ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க ஏலாது, கூடப்பிறந்த தங்கச்சியின்ர பிள்ளை எண்டாலும் சட்டம் இருக்கு. தங்கச்சிக்கு அங்க தனியா ஒரு லோயர் வேணும், அவ கதைக்கேக்க நீங்கள் பக்கத்தில இருக்கக் கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் கையெழுத்து, அதுவரைக்கும் அவ எப்பவும் மனம் மாறலாம்." நான் சிரித்துக்கொண்டே, என் பொண்ணு மாற மாட்டாம்மா என்றேன். கோயம்புத்தூரில் உனக்கு அந்த வக்கீல் அம்மாவைத் தேடிப் பிடித்ததும் நான்தான். ஒரு பெண்ணாக இருந்தால் நீ கூச்சமில்லாமல் பேசுவாய் என்று நினைத்தேன். பேசத்தான் செய்தாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை உன் அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளை வேண்டி அலைந்த பதினோரு வருஷ ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் கல்யாணச் சான்றிதழையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு நீல ஃபைலில் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். கையெழுத்து போட ஏதோ இருக்கிறது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். வினுஷா கதவைச் சாத்திவிட்டு வந்து, மயூராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, தங்கச்சி மனம் மாறிட்டா, அவவின்ர லோயர் எழுதியிருக்கிறா" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. கடிதத்தை என்னிடம் கொடுத்தாள், நானே படித்தேன். வயிற்றில் பிள்ளை அசைந்த நாளிலிருந்து கொடுக்க மனமில்லை என்று நீ மூன்று வாரத்துக்கு முன்பே அந்த வக்கீலிடம் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்ல தைரியமில்லை என்றும் அதிலேயே இருந்தது.

ஹம்சா, அந்த மூன்று வாரமும் நான் தினமும் காலையில் உன்னிடம் பேசினேன். தொட்டில் வாங்கியாயிற்று என்று நான் சொன்னபோது "நல்லதுங்கப்பா" என்றாய். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று உன் அக்கா கேட்டதற்கு மஞ்சள் என்று சொன்னவள் நீ. நான் உன் அம்மாவைத் தனியாகக் கேட்டேன், ஹம்சா குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, என்ன என்று. "அசதிங்க, வேற ஒண்ணுமில்ல" என்று விஜயா வாய் கூசாமல் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தவள். கோபியில் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கடல் தாண்டி வந்து குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்த எனக்கும் உன் அக்காவுக்கும் மட்டும் தெரியாது. நீ குழந்தையைக் கொடுக்காததற்கு எனக்குக் கோபமில்லை, அது உன் வயிறு. பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒரு வக்கீலிடம் சொல்லி, அதை வேறொரு வக்கீல் அறையில் நான் காகிதத்தில் படிக்கும்படி வைத்தாயே, அதுதான் ஆறவில்லை.

மயூரா அழவில்லை. தங்கச்சிக்கு இதனால் ஏதாவது தொந்தரவு வருமா என்று மட்டும் கேட்டாள். "ஒண்டும் வராது அக்கா" என்றாள் வினுஷா. வெளியே வந்து சிக்னலுக்கு நின்றபோது, குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் என் பக்கம் திரும்பாமலே, "ஏனுங்கப்பா, ஹம்சா சந்தோஷமா ஒத்துக்கிட்டான்னு எங்கிட்டச் சொன்னீங்களே, அவ வாயால அப்படிச் சொன்னாளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினாள் என்றேன். "அது போதுமுங்களா? அவள உட்கார வெச்சு ஒரு தடவ கேட்டிருக்கலாமே" என்றாள். விளக்கு மாறியதும் எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். அதிலிருந்து சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை. பெட்டி பிரிக்காத அந்தத் தொட்டிலை மாப்பிள்ளை நேற்றுக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் கேட்டதிலிருந்து எனக்கும் அந்தப் பொங்கல் நாள்தான் நினைவில் ஓடுகிறது. மூன்றாவது வேண்டாம், கலைத்துவிடலாமா என்று நீயும் உன் வீட்டுக்காரரும் குழம்பி நின்றீர்கள். கலைக்க வேண்டாம், அக்காவுக்குக் கொடு என்று சொன்னது நான். நீ தலையை ஆட்டிவிட்டு, "அப்பா, ஒண்ணுங்க" என்று ஏதோ சொல்ல வந்தாய். நான் அதற்குள் மயூராவுக்கு ஃபோன் போட்டுவிட்டேன். அவளிடம் நீ சந்தோஷமாகச் சரி என்றதாகச் சொன்னேன். அது நான் சொன்ன பொய், ஹம்சா. உன் பொய்க்கு மூன்று வாரம் வயது, என்னுடையதற்கு ஐந்து மாதம். இதை எழுதுவதால் என் மனசு ஆறிவிட்டதாக நினைக்காதே, இல்லை. உன்னையும் உன் அம்மாவையும் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நீ ஏன் வக்கீலிடம் போய்ச் சொன்னாய் என்பது மட்டும் விளங்கிவிட்டது. அவள் உன்னைக் கேட்டிருக்கிறாள்.

இருபத்தாறாம் தேதி புறப்படுகிறேன், கோயம்புத்தூருக்கு யாரும் வர வேண்டாம், பஸ் பிடித்து வந்துகொள்கிறேன். பிள்ளை உன்னுடையது, அதைப் பற்றி இனி நம் வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், நானும்தான். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஏழாம் மாதத்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதே, இடுப்பில் சின்னக்குட்டியைத் தூக்காதே. நல்லபடியாகப் பெற்று, மூன்று பேரோடும் நீ நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். இந்த வார்த்தையில் எனக்குக் கோபம் ஒரு துளியும் இல்லை.

எனக்குப் பதில் போட வேண்டாம். அக்காவைக் கூப்பிடு. வக்கீல் சொல்லி அல்ல, அம்மா சொல்லி அல்ல, உன் வாயால் நீயே அவளிடம் சொல். முதல் தடவை அவள் எடுக்க மாட்டாள். எடுக்கும்வரை கூப்பிடு.

உன் அப்பா,
பழனிசாமி