கட்டைவிரலும் முழங்கையும்

ஜனவரி 9

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

நலமா? இந்தப் பெயரில் உன்னை யாராவது கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகியிருக்கும். பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் வைத்த பெயர். நீ கட்டைவிரலால் தசை முடிச்சைத் தேடித் தேடி அவிழ்ப்பாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, முழங்கையை ஊன்றிவிடுவேன். "ஒருத்தி கட்டைவிரல், ஒருத்தி முழங்கை, ரெண்டு பேரும் சேர்ந்தாதான் ஒரு முழு மசாஜ்காரி" என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். சொந்தமாக ஒரு மசாஜ் சிகிச்சை மையம் திறந்துவிட்டேன். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைகள். படிக்கட்டு செங்குத்து. முதுகுவலிக்காரர்கள் ஏறி வருவதற்குள் வலி இரண்டு மடங்காகிவிடுகிறது, தொழிலுக்கு நல்லதுதான். முதல் மூன்று வாரம் ஈ ஓட்டினேன். போன் மட்டும் வரும். "எல்லா விதமான மசாஜும் உண்டுங்களா?" என்று இழுப்பார்கள். "உண்டு, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்பேன். அதோடு வைத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு பல் டாக்டர் வந்தார். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்து அவர் கழுத்து இறுகிப்போயிருந்தது. நாலு முறை வந்தார். ஐந்தாவது முறை தன் மாமியாரை அனுப்பினார். மாமியாரையே அனுப்பினால் என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் மாமியார் மேல் கோபம். இப்போது தையல்காரர்கள், பஸ் டிரைவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் என்று ஆள் வருகிறது. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன்.

ஜன்னல் இருக்கும் அறையை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது உனக்கு. மேஜையை உன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன். பங்குதாரராக வந்துவிடு. பாதி உன்னுடையது. தயவு பண்ணுகிறேன் என்று நினைக்காதே, அந்தக் காலத்தில் நாம் பேசிக்கொண்டதே இப்படித்தானே.

உன் வீட்டுக்காரர் இறந்தபோது வந்து உன்னைக் கட்டிப் பிடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

உன் முழங்கை

ஜனவரி 21

அன்புள்ள முழங்கைக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்ததால் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் அதே திரைச்சீலைக் கடையில்தான் ஓரம் அடிக்கிறேன். துணி நல்ல பிராணி. எவ்வளவு இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மேஜையை ஏற்றிக்கொள். நான் வரமாட்டேன். உன் மேல் வருத்தம் இல்லை. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நாம் ஒன்றாக வேலை பார்த்த இடத்தில், அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை கழுத்து வலி என்று என்னிடம் வந்தார். வலியும் நோயும் கேட்டுக் கார்டு போட்டது நான். "கால்: தொந்தரவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்ததும் நான். வெள்ளிக்கிழமை எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் அவரை நீ பார்த்தாய். என் கார்டை நம்பிக் காலையும் அழுத்திவிட்டாய். கெண்டைக்கால் ரத்தக்குழாயில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

விசாரணையில் அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கால் கனமா இருக்குன்னு சொன்னேங்க. யார்கிட்டன்னுதான் நினைவில்ல." உன்னிடம் சொல்லவில்லை என்றால் என்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். மசாஜ் சிகிச்சையாளர் சங்கம் என் உரிமத்தை எடுத்தது நியாயம்தான். அப்படிப்பட்டவள் பெயரைப் போர்டில் போட்டால் உனக்குத்தான் கெட்ட பேர்.

உடம்பைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் ஒரு கைப்பிடி வை.

உன் கட்டைவிரல்

பிப்ரவரி 3

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

கைப்பிடி வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும்.

அது உன் தப்பு இல்லை என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கேட்கவில்லை. போகட்டும். இங்கே ஒரு பஸ் கம்பெனி தன் டிரைவர்கள் நாற்பது பேரையும் மாதம் ஒரு முறை என்னிடம் அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறது. போனை வைத்ததும் அந்த இரண்டு பெண்களும் என்னைத் தூக்காத குறை. நான் துண்டு மடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். எந்த நல்லது நடந்தாலும் உன் முகம் முன்னால் வந்து நிற்கிறது.

நீ வராவிட்டால் ஒரு உதவியாவது செய். என் பெண்கள் கார்டு போடுகிற அழகை நீ பார்க்க வேண்டும். "பிபி இருக்கா சுகர் இருக்கா ஆபரேஷன் ஆச்சா படுங்க." ஒரே மூச்சு. வந்தவர் எதற்கு இல்லை என்றார் என்று அவருக்கே தெரியாது. நீ கேட்பது மாதிரி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் முறை வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்பு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன்.

உன் முழங்கை

பிப்ரவரி 16

அன்புள்ள முழங்கைக்கு,

கேள்விகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பத்து நாள் எடுத்துக்கொண்டேன். முதல் கேள்வி, "இன்னைக்கு எங்க வலிக்குது?" போன தடவை எங்கே வலித்தது என்பது வேண்டாம், கார்டில் என்ன இருக்கிறது என்பதும் வேண்டாம். இன்றைக்கு. நூறாவது முறை வந்தாலும் இதைக் கேட்கட்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணட்டும். ஜனங்கள் முக்கியமானதை ஒன்பதாவது எண்ணில்தான் சொல்வார்கள். கால் கனம் என்றால் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் அனுப்பட்டும். திட்டினாலும் அனுப்பட்டும்.

இன்னொன்று. ஆளோடு பேசும்போது துணி துவைக்கிற மெஷினை ஓட விடாதே. அந்தத் திங்கட்கிழமை பக்கத்து அறையில் மெஷின் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தது. அது எப்படி உறுமும் என்று உனக்குத் தெரியும். அவர் காலைப் பற்றிச் சொன்னது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்க வேண்டும். வேறு எப்படி யோசித்தாலும் கணக்கு வரவில்லை. இன்று வரைக்கும் வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிடுகிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு முடியாமல் போன கடைசி நாலு மாதம் கால் இழுத்துப் பிடிக்கும். "நீ சும்மா கை வச்சாலே போதும்டி" என்பார். நான் வைக்கவில்லை. என் கையால் ஒருத்தர் சாகப் பார்த்தார், இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம். ஒரு ஆளை வரவழைத்துத் தேய்க்கச் சொல்லிவிட்டு நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்.

உன்னிடம் சொன்னதில் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

உன் கட்டைவிரல்

மார்ச் 2

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

கேள்விகளைச் சுவரில் மாட்டினேன். முதல் கேள்வியைப் படித்துவிட்டு அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் அந்தப் பெண்களிடம் விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்தால் ஏழாவதையும் கிழிப்பேன்.

அந்த மனிதர் காலைப் பற்றிச் சொன்னது என்னிடம். வெள்ளிக்கிழமை. மெஷின் ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது. "ரெண்டு நாளா இந்தக் கால் கனமா இருக்குங்க, தொட்டா சூடா வேற இருக்கு" என்றார். தெளிவாகக் கேட்டது. நான் தொட்டும் பார்த்தேன். சூடு இருந்தது. "இறுகிப்போச்சு, இப்ப எடுத்துடறேன்" என்று சொல்லி முழங்கையை ஊன்றினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க அழுத்தம் யாருக்கும் வராதுங்க" என்றார். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்காக இன்னும் அழுத்தினேன்.

திங்கட்கிழமை அவருக்குக் காலில் ஒன்றுமே இல்லை. நீ எழுதியது சரி. உன் கார்டில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

விசாரணையில் என் வாயில் வந்தது, "என்கிட்ட ஒண்ணும் சொல்லலை, கார்டுலயும் இல்லைன்னுதான் இருந்தது." அந்த மாதம்தான் என்னைத் தலைமைச் சிகிச்சையாளர் ஆக்குவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். பயமும் இருந்தது. உனக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்று நினைத்தேன். உரிமத்தையே எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. எடுத்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று தள்ளினேன், தள்ளித் தள்ளி ஏழு வருஷம்.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய். உன் வீட்டுக்காரர் முடியாமல் இருந்தபோது ஒரு நாள் பார்க்க வந்தேன். நீ அடுப்படியில் இருந்தாய். "இவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க, கையே வைக்க மாட்டேங்குறா" என்று என்னிடம் கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். சிரித்து மழுப்பிவிட்டு, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுது.

உன் முழங்கை

ஏப்ரல் 11

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குப் படியிறங்கி வாசலில் போய் நிற்கிறேன்.

உன் காதில் மட்டும் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளப் பார்த்தேன் என்று இந்த ஆறு வாரத்தில் புரிந்தது. சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அந்த மனிதரைத் தேடிப் போய் நேரிலும் சொன்னேன். நன்றாக இருக்கிறார். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். கடைசியில், "அந்த இன்னொரு அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். "அவங்கதான் கழுத்தை நல்லா பார்த்தாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பஸ் கம்பெனி விலகிவிட்டது. அந்தப் பெண்கள் இருவரும்தான் மையத்தை நடத்துகிறார்கள். நான் துண்டு துவைக்கிறேன், படி பெருக்குகிறேன். வருகிறவர்களிடம் அவர்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பத்து எண்ணுவது வெளியே எனக்குக் கேட்கிறது.

உன் உரிமம் திரும்ப வரும் என்று சொன்னார்கள். ஜன்னல் அறை அப்படியே இருக்கிறது. நான் அங்கே இருக்கக் கூடாது என்றால் இருக்கமாட்டேன். நீ வா.

உன் முழங்கை

மே 6

முழங்கைக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சங்கத்தின் கடிதமும் வந்தது. திரும்பி வந்த உரிமத்தை என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி இருக்கும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையை என்னால் மன்னிக்க முடிகிறது. விசாரணையில் சொன்னதைக்கூட. பயந்துபோனால் யாரும் எதையும் சொல்வார்கள், உன் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உன்னிடமே கேட்டிருக்கிறார். நான் அடுப்படியில்தான் இருந்தேன். நாலு எட்டு வைத்து வந்து சொல்லியிருந்தால் போதும். எனக்கு அந்த நாலு மாதம் கிடைத்திருக்கும். இதை மன்னிக்க நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை. வரும் என்று சொல்லி உன்னைக் காக்க வைக்க விரும்பவில்லை.

நான் வரமாட்டேன். நீயும் வர வேண்டாம், எழுத வேண்டாம். ஜன்னல் அறையை அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் கொடு, வெளிச்சம் வீணாகிறது. கேள்விகள் சுவரிலேயே இருக்கட்டும். அவை உனக்காக எழுதியவை இல்லை, வருகிறவர்களுக்காக எழுதியவை.

போன வாரம் அடுத்த வீட்டு அம்மா துணி துவைக்க வந்தார். அவர் வீட்டு மெஷின் பழுது. வாளியை இறக்கும்போது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். நாற்காலியில் உட்கார வைத்து, "இன்னைக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பத்து எண்ணினேன். தோள் என்றார், கழுத்து என்றார், கொஞ்சம் பொறுத்து, இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை என்றார். பிறகு கை வைத்தேன். கட்டைவிரல் தானாகவே இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

இப்படிக்கு,
கட்டைவிரல்